மரவள்ளி உறையில் கறுவா எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரவள்ளி மாப்பொருளில் மக்கும் உறை செய்து, கறுவா எண்ணெய் கலந்து பூஞ்சணத்தைத் தடுக்கலாம் என்று வரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். அளவு பிசகுவதும் கரைசல் ஊற்றிய தட்டு சரிந்து, உறையாகும் படலம் ஒரு பக்கம் தடிப்பதும் செய்யச் செய்யச் சரிவரும். அவற்றை விடுகிறேன்.

கொதிக்கும் கரைசலில் எண்ணெய் விடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். போன மாரியில், களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஆவி பறக்கும் மாப்பொருள் கரைசலில் கறுவாப்பட்டை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அறை முழுக்க வாசம். "நல்லா மணக்குதுதானே மிஸ்" என்றார் சந்தோஷமாக. அவ்வளவு மணந்தால் எண்ணெய் காற்றோடு போகிறது. பட்டையிலிருந்து அந்த எண்ணெயை வடிப்பதே நீராவியால்தான். கொதியில் விட்டால் அதே நீராவி அதைத் தூக்கிக்கொண்டு போகும். பூஞ்சணத்தை அடக்கும் சினமல்டிகைட்டும் கூடவே போகும். அவர் சுற்றிவைத்த பாண் துண்டு, சுற்றாத துண்டைப் போலவே பச்சை பிடித்தது. உடனே எண்ணெயை இரட்டிப்பாக்கினார். அதையும் கொதியில்தான் விட்டார். பட்டை எண்ணெயின் விலை தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும். கடைசியில் "இயற்கைச் சாமான் சரிவராது மிஸ்" என்று விட்டுவிட்டுப் போனார். அதுதான் பெரிய நட்டம்.

சொதியை இறக்கிவைத்துத்தானே தேசிக்காய் விடுகிறோம்? இதுவும் அப்படித்தான். மாப்பொருள் வெந்து கண்ணாடிபோல் தெளிந்ததும் இறக்குங்கள். வெப்பமானி 40 பாகை அளவுக்கு இறங்கட்டும். அதைவிட நன்றாக ஆறினால் கூழ் இறுகி எண்ணெய் கலக்காது. எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் ட்வீன் 80 கொஞ்சத்துடன் முதலே அடித்துவைத்து, அந்த நேரத்தில் சேருங்கள். ஊற்றிய தட்டை வெயிலில் தகரத்தின் மேல் வைக்காதீர்கள், மிச்சமிருப்பதும் போய்விடும்.

இலை எண்ணெயும் பட்டை எண்ணெயும் ஒன்றென்று நினைப்பது

இலை எண்ணெயில் கூடுதலாக இருப்பது கராம்பில் உள்ள யூஜினோல். அதுவும் பூஞ்சணத்தைத் தடுக்கும், ஆனால் ஒன்றுக்குப் பார்த்த அளவு மற்றதற்குப் பொருந்தாது.

மாரியில் படலத்தைத் திறந்து வைப்பது

ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

தயிர்ச் சட்டிக்கு மூடியாக்குவது

வேண்டாம். ஊறிக் கிழியும்.

பூஞ்சணம் பிடித்ததைச் சுற்றுவது

கச்சானிலோ கொப்பறாவிலோ அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணம் ஏற்கெனவே அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை விட்டிருந்தால், எந்த உறையும் அந்த நஞ்சை எடுக்காது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. புதிதாகப் பூஞ்சணம் வருவதை உறை தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நிறம் மாறிய, சுருங்கிய கச்சானைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தை நன்றாகக் காயவைத்த பிறகே சுற்றுங்கள்.