ஆங்கில வகுப்பின் இலக்கியக் கலைச்சொற்களைத் திருப்பிப் பார்ப்பது எப்படி?

வரையறைகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த நான், தேர்வில் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, "இதன் டோன் (எழுதுபவரின் மனப்பாங்கு) என்ன? எந்தச் சொற்களால் அதை அறிகிறாய்?" என்று கேட்டிருந்தபோது ஒரு வரிகூட எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வரையறை மனப்பாடமாக இருந்தது; அதைப் பத்தியின்மீது வைத்துப் பார்க்கும் பழக்கம் இல்லை. அதன்பின் நானே வகுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ப்ளாட், கேரக்டர், செட்டிங் ஆகியவை என்னவென்று தெரியும் என எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: இணைகளாக எழுதுங்கள்

கலைச்சொற்களை அகரவரிசையில் எழுதினால் ஒன்றோடொன்று குழம்பும் சொற்கள் வெவ்வேறு பக்கங்களுக்குப் போய்விடும். சிமிலி (உவமை)–மெட்டஃபர் (உருவகம்), டோன்–மூட், டாபிக்–தீம், தீசிஸ்–டாபிக் சென்டென்ஸ் என்று இணைத்து, ஓர் அட்டைக்கு ஓர் இணை வீதம் எழுதுங்கள். முன்புறம் இரண்டு சொற்கள் இருக்கட்டும். பின்புறம் வரையறைக்குப் பதிலாக இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு கேள்வி போதும். கைபேசிச் செயலிகளில் ஆயத்தத் தொகுப்புகள் கிடைக்கின்றன என்றாலும், காகித அட்டையையே நான் வலியுறுத்துவேன். அந்தக் கேள்வியை யோசித்து எழுதும்போதே பாதிப் பாடம் படிந்துவிடுகிறது.

இரண்டாம் படி: தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழையுங்கள்

'மதிமுகம்' உவமைத்தொகை, 'முகமதி' உருவகம் என்று படித்தவர்களுக்கு மெட்டஃபர் புதிய பொருளே அன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. உவமைத்தொகையில் உவம உருபு மறைந்தே வரும். ஆங்கிலத்தில் 'லைக்', 'ஆஸ்' போன்ற ஒப்புச்சொல் வெளிப்படையாக நின்றால்தான் அது சிமிலி. இதைக் கேட்டவுடன் 'லைக்' வரும் இடமெல்லாம் அடிக்கோடிடத் தொடங்கிவிடாதீர்கள். 'அவள் தன் தாயைப் போல இருக்கிறாள்' என்பது உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒப்பீடு. 'அவள் கோபம் காட்டுத்தீயைப் போலப் பரவியது' என்பதே சிமிலி. ஒப்பிடப்படும் இரண்டும் வெவ்வேறு இனத்தவையா என்ற கேள்வியை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டோனும் மூடும்

என்னை வீழ்த்திய இடம் இதுவாகையால், இங்கே சற்று நின்றுதான் செல்ல வேண்டும். டோன் என்பது எழுதுபவர் தம் பொருளின்பால் கொள்ளும் மனப்பாங்கு. மூட் என்பது வாசிப்பவர் உள்ளத்தில் படியும் உணர்வு. பெரும்பாலான பாடநூல் எடுத்துக்காட்டுகளில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. இரண்டும் விலகி நிற்கும் பத்தி ஒன்றை எடுத்துக்கொண்டால்தான் தெளிவு பிறக்கும். இதை வாசித்துப் பாருங்கள்:

"இரவு இரண்டு மணிக்குக் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. எழுந்தேன், விளக்கைப் போட்டேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டேன். வீட்டில் என்னைத் தவிர எவரும் இல்லை. ஓசை உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்தது."

வாசித்ததும் நமக்குள் எழுவது அச்சம். எனவே மூட் அச்சம். சொல்பவரின் குரலில் அச்சம் இருக்கிறதா? 'திடுக்கிட்டேன்', 'நடுங்கினேன்' என்ற சொல் எதுவும் இல்லை. எழுந்தது, விளக்கைப் போட்டது, கண்ணாடியைத் துடைத்தது என்று கணக்குப் புத்தகம் எழுதுவதுபோல வரிசையாகச் செயல்கள் வருகின்றன. ஆகவே டோன் நிதானம். அந்த நிதானமே நம் அச்சத்தைக் கூட்டுகிறது என்பதையும் எழுதினால் விடை முழுமை பெறும். பத்தியை எழுதியவரே உரக்க வாசித்தால் குரல் எப்படி ஒலிக்கும் என்பது டோனுக்கான கேள்வி. வாசித்து முடித்தபின் எனக்குள் என்ன மிஞ்சுகிறது என்பது மூடுக்கான கேள்வி. டோனுக்குச் சான்றைச் சொற்தேர்விலும் வாக்கிய நீளத்திலும் தேடுங்கள். மூடுக்குச் சூழல், நேரம், ஓசை ஆகியவற்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

நான்காம் படி: மற்றவை

பாயின்ட் ஆஃப் வியூவை, அதாவது கதையை யார் சொல்கிறார் என்பதை அறிய, மேற்கோள் குறிகளுக்கு வெளியே உள்ள வாக்கியங்களை மட்டும் பாருங்கள். உரையாடலில் வரும் 'ஐ' (நான்) என்ற சொல்லைக் கண்டு 'ஃபர்ஸ்ட் பெர்சன்' (தன்மை) என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

கதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முக்கோணத்தை ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் வெளியிட்டார். அவர் மனத்தில் கொண்டிருந்தது ஐந்து அங்க நாடகம். ஆகையால் அவருடைய உச்சம் நடுவில் அமைந்தது. சிறுகதைகளில் கிளைமாக்ஸ் பெரும்பாலும் முடிவை ஒட்டியே வருவதால், படம் சரிந்து நிற்பதைக் கண்டு தயங்க வேண்டாம்.

தீம் என்பது கதை உணர்த்தும் கருத்து; அதை ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். 'நட்பு' என்பது டாபிக். 'வறுமை வந்தபின்னும் நீடிக்கும் நட்பு இருவரையும் மாற்றிவிடுகிறது' என்பது தீம். கட்டுரையின் மையக் கூற்றான தீசிஸ் ஸ்டேட்மென்ட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: ஒருவர் மறுத்து வாதிட இடமளிக்கும் கூற்றாக அது இருக்க வேண்டும். முழுக் கட்டுரையையும் தாங்குவது தீசிஸ். ஒரு பத்தியை மட்டும் தாங்குவது டாபிக் சென்டென்ஸ்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், தீமும் நீதியும் ஒன்றா என்று கேட்டிருந்தனர். நீதி 'இப்படி நட' என்று ஏவும். தீம் 'வாழ்க்கை இப்படி இருக்கிறது' என்று காட்டும். விடையில் 'வேண்டும்', 'கூடாது' என்று எழுத நேர்ந்தால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

எத்தனை முறை திருப்பிப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தனர். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது எனக்குப் பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் அட்டையோடு, இதுவரை வாசிக்காத ஒரு பத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியிலிருந்து சான்றுச் சொல்லைக் காட்ட முடியாத அட்டை எதுவோ, அது மீண்டும் மறுநாள் கட்டுக்கே போகட்டும்.