ஹெவிவெயிட் சண்டையை எப்படிப் பார்ப்பது: ஒரு பேக்கரிக்காரரின் வழி

அன்னூரில் பேக்கரி வைத்திருக்கிறேன். லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் பெரிய குத்துச்சண்டை நமக்கு ஞாயிறு காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் வரும். மில்லில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் டீயும் தேங்காய் பன்னுமாக டிவி முன்னால் நிற்பார்கள். எப்போதும் ஒரே கேள்விதான்: "ஏனுங்ணா, எப்ப உழுவான்?" அவன் விழுவதற்காகவே காத்திருந்தால் பாதிச் சண்டை கண்ணில் படாது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் இருந்தால் ஹெவிவெயிட். பட்டச் சண்டை 12 ரவுண்ட். ஒவ்வொன்றும் 3 நிமிடம், இடையில் 1 நிமிடம் ஓய்வு. முன்பு 15 ரவுண்ட் இருந்தது, 1980களில் குறைத்தார்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, தோற்றவர் கீழேயும் விழுந்திருந்தால் பெரும்பாலும் 8. யாரிடம் எந்த சாம்பியன் பெல்ட் என்ற குழப்பத்துக்குள் இப்போதைக்குப் போக வேண்டாம்.

சீக்கிரம் முடிந்தால் அது பெரிய சண்டை என்று நினைப்பவர்கள் நிறைய. 1988-ல் மைக் டைசன், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். டைசன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள அது போதும். சண்டை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. என் கணக்கு வேறு. போட்டு வந்த திட்டம் உடைந்ததும் ஒருவர் என்ன செய்கிறார்? அந்த நெருக்கடி இருவருக்குமே வந்து, இருவருமே பதில் தேடினால்தான் அது பெரிய சண்டை.

புதிதாகப் பார்ப்பவர்கள் 2017 ஏப்ரலில் லண்டன் வெம்பிளியில் நடந்த ஜோஷுவா - கிளிச்கோ சண்டையில் ஆரம்பியுங்கள். ஜோஷுவாவுக்கு 27 வயது, கிளிச்கோவுக்கு 41. 5வது ரவுண்டில் கிளிச்கோ விழுகிறார். முடித்துவிடலாம் என்று ஜோஷுவா கையிலிருந்த பலத்தையெல்லாம் கொட்டுகிறார். அங்கே அவருடைய வாயைக் கவனியுங்கள், மூச்சு வாங்குவது தெரியும். அதே ரவுண்ட் முடிவதற்குள் அடி வாங்குவது ஜோஷுவா. 6வதில் அவரே கீழே விழுகிறார். கிளிச்கோ அப்போது பாய்ந்திருக்க வேண்டும், பொறுமை காத்தார். அடுத்த இரண்டு மூன்று ரவுண்டில் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், ஓட்டிவிடாதீர்கள். ஜோஷுவா தன் கால்களைத் திரும்பப் பெறுவது அங்கேதான். 11வதில் ஒரு அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலாகத் தாடைக்கு விடும் குத்து, அதற்குப்பின் கிளிச்கோ இரண்டு முறை விழ, ரெஃபரி நிறுத்திவிட்டார்.

அதனால் கையைப் பார்ப்பதைவிட காலைப் பாருங்கள். அடி விழுந்ததை முகம் மறைத்துவிடும், கால் மறைக்காது.

கட்டிப்பிடித்தால் உடனே போனை எடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள். இந்த எடையில் கட்டிப்பிடிப்பதும் ஒரு வேலை. 2021-ல் நடந்த மூன்றாவது ஃப்யூரி - வைல்டர் சண்டையில் ஃப்யூரி 277 பவுண்டு, வைல்டர் 238. வித்தியாசம் 17 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தை ரவுண்டுக்கு ரவுண்ட் வைல்டரின் கழுத்தில் சாய்த்தே அவரைக் களைப்பாக்கினார். 4வதில் இரண்டு முறை விழுந்த ஃப்யூரி, 11வதில் முடித்தது இப்படித்தான்.

மணி அடித்ததும் டீ சொல்லப் போய்விடாதீர்கள். அந்த ஒரு நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். 1975 மணிலாவில் அலியும் ஃப்ரேசியரும் மோதிய மூன்றாவது சண்டை ரிங்குக்குள் முடியவில்லை. 14வது ரவுண்டுக்குப் பிறகு, கண் வீங்கி அடி வருவதே தெரியாமல் இருந்த ஃப்ரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழ விடவில்லை.

எங்கள் பெரிய மாமா 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியும் ஜிம்மி எல்லிஸும் ஆடிய காட்சிப் போட்டியைப் போய்ப் பார்த்தவர். அலி ஃபோர்மனுடன் மோதிய 1974 கின்ஷாசா சண்டைக்கு மேல் எதையும் வைக்க மாட்டார். கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனை அடிக்க விட்டு, களைத்ததும் 8வதில் வீழ்த்திய அலியின் மூளைக்கு நானும் கும்பிடு போடுவேன். ஆனால் ஃபோர்மனிடம் இரண்டாவது திட்டமே இல்லையே. "சண்டைக்கு ரெண்டு பேர் வேணுமுங்களே மாமா" என்றால் அன்றைக்கு டீக்குக் காசு வராது. ஃபோர்மனைப் பார்க்க வேண்டுமா, 1976-ல் ரான் லைலுடன் மோதியதைப் பாருங்கள். 4வது ரவுண்டில் இருவருமே தரையைத் தொட்டார்கள். ஃபோர்மன் அதில் இரண்டு முறை விழுந்து எழுந்து, 5வதில் லைலை முடித்தார்.

கடைசியாக, புள்ளி போடப் பழகுங்கள். டிவி சத்தத்தை நிறுத்திவிடுங்கள், வர்ணனைக்காரர் பேச்சு நம் கண்ணைத் திருப்பிவிடும். நான் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ரவுண்ட் முடிந்த உடனே எழுதிவிட வேண்டும், அப்புறம் திருத்தக் கூடாது. இதற்கு 1978 ஹோம்ஸ் - நார்டன் சண்டை நல்ல பாடம். 14 ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர் தாளிலும் சமம். 15வதை வைத்துத்தான் தீர்ப்பு: மூன்று தாளிலும் 143-142, அதில் இரண்டு ஹோம்ஸுக்கு, ஒன்று நார்டனுக்கு.

அது கைவந்ததும் 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த உசிக் - ஃப்யூரி முதல் சண்டையை எடுங்கள். நடு ரவுண்டுகளை ஃப்யூரி கையில் வைத்திருந்தார், 9வதில் கயிறுதான் அவரைத் தாங்கிப் பிடித்தது. நடுவர்கள் உசிக்குக்கு 115-112, 114-113 என்றும், ஃப்யூரிக்கு 114-113 என்றும் பிரிந்தார்கள். என் பில் புக்கில் உசிக் ஒரு புள்ளி முன்னால். மாமா கணக்கில் ஃப்யூரி.