தொல்பொருள் வேட்டைக் கதை எழுதுவது எப்படி?

தொல்பொருள் வேட்டைக் கதை எழுத உட்காருகிறவர் முதலில் பொருளின் எடையை முடிவு செய்துகொள்ள வேண்டும். கதாநாயகிக்குப் பெயர் வைப்பதெல்லாம் அப்புறம். நம் பகுதிச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ளே கெட்டியாக வார்க்கப்பட்டவை. மூன்றடி நடராசரைத் தோளில் போட்டுக்கொண்டு எவனும் மதில் தாண்டிக் குதிக்க முடியாது. நான்கு பேர் வேண்டும், கயிறு வேண்டும், குட்டி யானை என்று நாம் சொல்லும் சரக்கு வண்டி வெளியே என்ஜினை அணைக்காமல் நிற்க வேண்டும். பீடத்தில், வீதியுலாவின்போது தண்டு கோத்துக் கட்டுவதற்கான துளைகள் இருக்கும். சாமி ஊர்வலம் போவதற்காகச் சிற்பி விட்டுவைத்த அந்தத் துளையிலேயே திருடனின் கயிறு நுழைவதை எழுதிப் பாருங்கள், வாசகருக்கு வயிற்றைக் கலக்கும்.

சிலைக்குள் வைரத்தையும் ஓலைச்சுவடியையும் ஒளித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே பொந்தே கிடையாது. அதற்காகச் சிலையை உடைக்கும் காட்சியை எழுத எனக்கு மனம் வராது.

பொருள், புதுச்சேரிக்குப் பக்கத்திலிருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் கண்ணாடிப் பாசிமணியாக இருந்தால் கதை வேறு வேகம் எடுக்கும். மடியில் முடிந்துகொள்ளலாம், வாய்க்குள் அடக்கிக்கொள்ளலாம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பையில் நழுவவிடலாம். அங்கே வண்டித் துரத்தல் எதற்கு?

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு மாத நாவல் எழுதுகிறவள். எழுத வரும் பிள்ளைகளிடம் விடாமல் சொல்வது இதைத்தான்: கதையில் இரண்டு வேட்டை நடக்கட்டும். வில்லன் பொருளைத் தேடட்டும். நாயகி, அது எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதைத் தேடட்டும்.

ஏன் என்பதற்கு அரிக்கமேடே சாட்சி. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்பே தெரிந்திருந்தது. ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அதே ஓட்டுத் துண்டை ஒருவன் இரவோடு இரவாகப் பிடுங்கி விற்றிருந்தால், யாரோ ஒரு பணக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் வாய் மூடிக் கிடந்திருக்கும். இந்த இழப்பு உங்களுக்கு வலித்தால்தான் வாசகருக்கும் வலிக்கும். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் அரிக்கமேட்டுப் பொருட்களைப் பாருங்கள். ரௌலட்டட் வகை ஓடு கண்ணில் பட்டால் அவசரப்படாமல் நில்லுங்கள். சாம்பலும் கறுப்புமான மெல்லிய ஓடு. தட்டின் உட்புறத்து அடியில் பொடிப்பொடியான பள்ளங்கள் வரிசையாக வட்டம் போட்டிருக்கும். கதையில் நாயகி இருட்டில் விரல் நுனியால் தடவியே அதை அடையாளம் காணலாம்.

தடயத்துக்கு விடுகதைப் பாட்டு கட்ட வேண்டாம், வரலாறே கொடுக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையிலான நிலமும் பேரத்தில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். கோட்டையை மையமாக வைத்து வட்டம் வரைந்தால் ஒரு பகுதி கடலில் விழும். மீதி நிலத்தில் உங்கள் நாயகி எங்கே மண்வெட்டியை வைப்பாள்? இரண்டு அத்தியாயம் இதிலேயே ஓடும்.

இன்னொரு தடயம் புகைப்படம். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் களவுபோன அர்த்தநாரீசுவரர் கற்சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தது. அது அந்தக் கோயில் சிலைதான் என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்த பழைய படம். எனவே உங்கள் வில்லனைக் கத்தி தூக்குகிறவனாக எழுதாமல் காகிதம் தயாரிக்கிறவனாக எழுதுங்கள். தொல்பொருள் ஏற்றுமதியை இறுக்கிய சட்டம் வந்தது 1972இல். அதற்கு முன்பே சிலை வெளிநாடு போய்விட்டதாக அவன் ஒரு பழைய ரசீதைப் போலியாக உருவாக்கட்டும். 1980இல் அதே சிலை கோயில் மாடத்தில் நிற்கும் படம் நாயகி கையில் கிடைக்கட்டும். மூக்கு நுனியில் இருக்கும் சிறு சிதைவு அந்தப் படத்திலும் வெளிநாட்டில் இருக்கும் சிலையின் படத்திலும் ஒன்றாக இருந்தால் போதும், ஒரு துப்பாக்கி கூட வெடிக்க வேண்டாம்.

துரத்தலுக்கு நம் எல்லையை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. புதுச்சேரியும் கடலூர் மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பாகூர்ப் பக்கம் சில நிமிட ஓட்டத்தில் போலீஸும் மாறிவிடும். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் காவலர் ஸ்கூட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். அவர் தேடுவது மது பாட்டில். பெட்டியில் இருப்பதோ ஈரத்துணியில் சுற்றிய ஓடு. அந்த அரை நிமிடத்தை முழுப் பக்கம் எழுதுங்கள். அதற்குப் பிறகு வரும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் இரண்டு வரியில் முடியட்டும்.

முடிவில் நாயகி பொருளைத் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதையே கடைசித் துரத்தலாக்கலாம். வில்லனிடமிருந்து மீட்ட பொருளோடு போலீஸ் வருகிறது. குழியின் இடமும் ஆழமும் குறித்த நோட்டோடு நாயகி ஓடி வருகிறாள். இரண்டும் கலெக்டர் அலுவலக மேசையில் சேரும்வரை கதையை நிறுத்தாதீர்கள். சேர்ந்ததும் அடுத்த பத்தியிலேயே முடித்துவிடுங்கள். கல்யாணம், பாராட்டு விழா எதுவும் வேண்டாம்.