வீடு பார்க்கும் முன் பழைய படத்தைப் பாருங்கள்

சென்னையில் வீடோ மனையோ பார்க்கிறீர்களா, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை, 2000களின் தொடக்கம் வரை கிடைக்கிற அளவுக்கு, பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள், அங்கே முன்பு ஏரியோ தண்ணீர் தேங்கும் தாழ்வோ இருந்ததா என்று தெரியும். இலவசம், பத்து நிமிட வேலை. மே மாதப் படம் வேண்டாம், வறண்ட ஏரி அதில் பொட்டல் காடாகத்தான் தெரியும். டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடுங்கள்.

மண் கொட்டி மேடாக்கினால் மனைதான் உயரும், சுற்றியுள்ள தாழ்வு அப்படியேதான் இருக்கும், மழைத்தண்ணீர் தன் பழைய இடத்துக்கே வரும். அப்புறம் தெருமுனை இஸ்திரிக்காரரிடமோ மளிகைக் கடையிலோ 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயல் மழையையும் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள் (தரகரிடம் கேட்டுப் பயனில்லை). 2015இல் அடையாறு கரைபுரண்டதில் முடிச்சூர், கோட்டூர்புரம் பக்கம் மூழ்கியது. 2023இல் பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் மழைநீர் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கியது. ஒன்றில் தப்பிய தெரு இன்னொன்றில் மாட்டியிருக்கலாம்.

புயல் காற்றுக்கு இந்த வழி உதவாது. நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கும் சரிப்படாது, அங்கே பார்க்க வேண்டியது சரிவும் மண்ணும். 2015க்குப் பிறகு சாலையை உயர்த்திவிட்ட தெரு என்றால் பழைய பதிலை நம்பாதீர்கள், வாசல்படி இப்போது சாலையைவிடக் கீழே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.