மருத்துவ ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கைப் படிப்பது எப்படி?

மருத்துவ நூலகத்தில் வேலை பார்க்கிறேன். "இந்த டாக்டரோட எச்-இன்டெக்ஸ் என்ன மேடம்?" என்று தேர்வுக் குழுவினரும் கேட்கிறார்கள், வழிகாட்டி தேடும் மாணவர்களும் கேட்கிறார்கள். ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் (இதுதான் சைட்டேஷன்) என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்வது அது. எண்ணைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனாலும் அதைக் கடைசியில்தான் சொல்வேன். எண் காதில் விழுந்துவிட்டால் கட்டுரைகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

முதலில் ஆள் அவர்தானா என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் பெயரையும் இனிஷியலையும் போட்டால் இதய மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். அந்தப் பட்டியலைப் பெரும்பாலும் ஆய்வாளரே பராமரிப்பதால் விடுபட்டவை இருக்கும். வேலை பார்த்த நிறுவனம், கூட எழுதியவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். கூகுள் ஸ்காலர் பக்கங்களில் வேறொருவரின் கட்டுரைகள் தானாகவே சேர்ந்துகொள்வது சகஜம்.

அடுத்து, அதிக சைட்டேஷன் வாங்கிய ஐந்து கட்டுரைகளைத் திறந்து, பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவத்தில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை நடத்தியவருடையது. நடுவில் இருப்பவரின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார் என்று ஒரு பத்தி இருந்தால் அதைப் படியுங்கள். நான் அதைத்தான் முதலில் தேடுவேன். உலக நோய்ச்சுமை பற்றிய கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும், சைட்டேஷன் ஆயிரக்கணக்கில் குவியும். அந்த மொத்தமும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறிவிடும். அப்படி இரண்டு கட்டுரை இருந்தால் போதும், மொத்த எண்ணிக்கை எங்கோ போய்விடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

கட்டுரையின் வகையும் முக்கியம். மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் ரிவ்யூ கட்டுரைகளுக்கு சைட்டேஷன் சுலபமாகச் சேரும். நோயாளிகளை வைத்து நடத்திய சோதனை என்றால், சோதனைகளுக்கான பொதுப் பதிவேட்டில் அதற்குக் கொடுத்த பதிவு எண்ணைத் தேடுங்கள். நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்று முன்னணி ஜர்னல்கள் 2005 முதல் கேட்கின்றன. பதிவேட்டில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால், முடிந்து வருஷக்கணக்காகியும் முடிவு வெளிவராத சோதனைகளும் தெரியவரும். சைட்டேஷன் கணக்கில் அவை எங்குமே வராது. என்னைக் கேட்டால், ஒரு ஆய்வாளரைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொல்லும் தகவல் கிடையாது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசம். பப்மெட்டும் கட்டுரைக்கு மேலேயே அறிவிப்பைக் காட்டும். எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் ஜர்னல் 2010-ல் திரும்பப் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைட்டேஷன்கள் அதற்கு உண்டு. பெரும்பாலானவை அதை மறுத்து எழுதியவை. எண்ணும் இயந்திரத்துக்குப் பாராட்டும் மறுப்பும் ஒன்றுதான்.

இனி எச்-இன்டெக்ஸ். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த கணக்கு இது. கட்டுரைகளை சைட்டேஷன் இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத சைட்டேஷன் எதுவரை இருக்கிறது என்று பார்ப்பது. ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு 40, 18, 9, 5, 4, 1 என்று சைட்டேஷன் இருந்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 4. நான்காவது கட்டுரைக்கு நான்குக்குக் குறையாமல் இருக்கிறது, ஐந்தாவதற்கு ஐந்து வரவில்லை. முதல் கட்டுரை 40-லிருந்து 4,000 ஆனாலும் அதே 4-தான். ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் இது இறங்காது, புதிதாக வந்தவருக்கு ஏற நாளாகும். அதனால் அனுபவத்திலும் துறையிலும் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். புற்றுநோய் ஆய்வாளரையும் அரிய தோல் நோய் ஆய்வாளரையும் இந்த எண்ணை வைத்துப் பக்கத்தில் நிறுத்துவது அநியாயம். துறைக்கேற்ற அளவு வேண்டுமானால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் நடத்தும் ஐசைட் (iCite) தளத்தில் கட்டுரைகளின் பப்மெட் எண்களைப் போடுங்கள். அவர்கள் நிதியில் வெளிவரும் கட்டுரைகளின் இடைநிலை மதிப்பு 1.0, 2.0 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. சிகிச்சை சார்ந்த எத்தனை கட்டுரைகள் அவற்றை எடுத்தாண்டிருக்கின்றன என்பதையும் அதே தளம் காட்டும்.

ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை ஆய்வாளரின் பெயரோடு சேர்க்காதீர்கள். அது அந்த ஜர்னலின் கட்டுரைகளுக்கு வரும் சைட்டேஷனின் சராசரி, அவ்வளவுதான்.

எண்ணைக் குறித்துக் கொடுக்கும்போது எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஆய்வேடுகளையும், ஜர்னலில் வருமுன் வெளியிடும் முன்பதிப்புகளையும் சேர்த்து எண்ணுவதால், ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலரில் வரும் எண் பெரும்பாலும் ஸ்கோபஸ் என்ற இன்னொரு சைட்டேஷன் தரவுத்தளத்தில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும். ஒருவருக்கு அதிலும் இன்னொருவருக்கு இதிலும் எடுத்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.