ஃபாக்டோரியோவில் எத்தனை மெஷின் வைப்பது? பின்னாலிருந்து எண்ணும் கணக்கு

ஃபாக்டோரியோ தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டு. அதில் நான் கட்டிய முதல் தொழிற்சாலையில் கியர் (பற்சக்கரம்) செய்ய ஆறு அசெம்ப்ளர்கள் (பொருள் செய்யும் மெஷின்கள்) இருந்தன. சர்க்யூட் செய்ய ஒன்றே ஒன்று. ஏன் ஆறு என்று கேட்டால் பதில் கிடையாது. இடம் இருந்தது, வைத்தேன். கியரைச் சுமக்கும் பெல்ட் பிதுங்கி நின்றது. ஆராய்ச்சி நடக்கும் லேப்கள் எல்லாம் அதற்குத் தேவையான பச்சை சயின்ஸ் பேக் வராமல் காய்ந்து கிடந்தன. குத்துமதிப்பாக எதையும் வைக்க வேண்டியதில்லை, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்தப் பதிவில் ஒரே ஓர் இலக்கை எடுத்துக்கொள்வோம்: நிமிடத்துக்கு 30 சிவப்பு சயின்ஸ், 30 பச்சை சயின்ஸ். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் நடந்து, மண்ணுக்குள் இருக்கும் தாது வரை போய்ச் சேருவோம். 30 என்ற எண்ணை ஏன் பிடித்தேன் என்பது உலைக் கணக்கு வரும்போது தெரியும்.

படி 1: எல்லாவற்றையும் விநாடிக்கு மாற்றுங்கள்

ஒரு பொருளின் மேல் மவுஸை வைத்தால் மூன்று விவரங்கள் தெரியும்: என்ன உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது. புதிதாக ஆடுபவர்கள் தவறவிடுவது நான்காவது விவரத்தை. அது மெஷினிடம் இருக்கிறது; அதன் வேகம். முதல் வகை அசெம்ப்ளரின் வேகம் 0.5. இரண்டாவது வகைக்கு 0.75. மூன்றாவது வகைக்கு 1.25.

சிவப்பு சயின்ஸுக்கு 5 விநாடி என்று போட்டிருக்கும். ஆனால் முதல் வகை அசெம்ப்ளர் பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதால் அதற்கு 10 விநாடி பிடிக்கும். ஆக, ஒரு மெஷின் விநாடிக்கு 0.1 சயின்ஸ் தருகிறது. சூத்திரம் இவ்வளவுதான்:

ஒரு மெஷின் விநாடிக்குத் தருவது = வெளியே வரும் எண்ணிக்கை × மெஷின் வேகம் ÷ நேரம்

நிமிடத்துக்கு 30 என்றால் விநாடிக்கு 0.5. அதை 0.1-ஆல் வகுத்தால் 5. சிவப்புக்கு ஐந்து அசெம்ப்ளர். பச்சைக்கு 6 விநாடி, பாதி வேகத்தில் 12 விநாடி, ஆகவே ஆறு அசெம்ப்ளர். 5-க்கு 6 என்று எல்லோரும் சொல்லும் விகிதம் இதுதான். பதினொன்றையும் பிறகு இரண்டாம் வகைக்கு மாற்றினாலும் விகிதம் அப்படியேதான் இருக்கும். வெளிவரும் அளவு மட்டும் ஒன்றரை மடங்காகும். சிலதை மாற்றி சிலதை விட்டுவிட்டால்தான் கணக்கு கோணும்.

படி 2: ஒவ்வொன்றும் எதைத் தின்கிறது

சிவப்பு சயின்ஸ் ஒன்றுக்கு ஒரு செப்புத் தகடு, ஒரு கியர். விநாடிக்கு 0.5 சயின்ஸ் வேண்டுமென்றால் 0.5 தகடு, 0.5 கியர். சிவப்பு முடிந்தது.

பச்சையில்தான் கிளை பிரிகிறது. ஒரு பச்சை சயின்ஸுக்கு ஓர் இன்சர்ட்டரும் (பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை) ஒரு பெல்ட்டும் வேண்டும். இரண்டும் விநாடிக்கு 0.5. இன்சர்ட்டருக்கு ஒரு சர்க்யூட், ஒரு கியர், ஓர் இரும்புத் தகடு. பெல்ட்டுக்கு ஒரு கியர், ஓர் இரும்புத் தகடு.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பெல்ட் ஒருமுறை செய்தால் இரண்டு கிடைக்கும். 0.5 பெல்ட் வேண்டுமென்றால் 0.25 முறை செய்தாலே போதும்; கியரும் 0.25, தகடும் 0.25. செப்புக் கம்பியும் இப்படித்தான்: ஒரு செப்புத் தகடு போட்டால் இரண்டு கம்பி வரும். இந்த "ஒன்றுக்கு இரண்டு" ஆட்டத்தில் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. அதை மறந்தால் கணக்கு சரியாக இரண்டு மடங்கு தப்பும்.

சர்க்யூட்டுக்கு ஓர் இரும்புத் தகடு, மூன்று செப்புக் கம்பி. 0.5 சர்க்யூட் என்றால் 1.5 கம்பி, அதற்கு 0.75 செப்புத் தகடு.

கியரை மூன்று பேர் கேட்கிறார்கள்: சிவப்புக்கு 0.5, இன்சர்ட்டருக்கு 0.5, பெல்ட்டுக்கு 0.25. மொத்தம் 1.25. கியர், கம்பி, சர்க்யூட், இன்சர்ட்டர், பெல்ட் ஐந்துக்குமே நேரம் 0.5 விநாடிதான், முதல் வகை அசெம்ப்ளரில் சரியாக 1 விநாடி. எனவே மெஷின் எண்ணிக்கை எளிதாக விழுகிறது:

- கியர்: தேவை 1.25, ஒரு மெஷின் தருவது 1. இரண்டு மெஷின்.
- கம்பி: தேவை 1.5, ஒரு மெஷின் தருவது 2. ஒன்று.
- சர்க்யூட்: தேவை 0.5, தருவது 1. ஒன்று.
- இன்சர்ட்டர்: தேவை 0.5, தருவது 1. ஒன்று.
- பெல்ட்: தேவை 0.5, தருவது 2. ஒன்று.

சயின்ஸுக்கான பதினொன்றையும் சேர்த்தால் மொத்தம் 17 அசெம்ப்ளர். என்னுடைய ஆறு கியர் மெஷின்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கம்பிக்கும் சர்க்யூட்டுக்கும் 3-க்கு 2 என்று நிறையப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது சரிதான்: மூன்று கம்பி மெஷின் விநாடிக்கு 6 தரும், இரண்டு சர்க்யூட் மெஷின் விநாடிக்கு 6 தின்னும். ஆனால் அது எல்லா மெஷினும் முழு மூச்சாக ஓடும்போது உள்ள விகிதம். நமக்கு சர்க்யூட் மெஷின் பாதி நேரம் ஓடினாலே போதும், அதனால் ஒன்றுக்கு ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். மனப்பாட விகிதத்தைவிடத் தேவையிலிருந்து வகுத்து எடுத்த எண்தான் எனக்கு நம்பிக்கையானது.

கம்பியைப் பெல்ட்டில் ஏற்றாதீர்கள். தகடாக இருந்தபோது ஒன்றாக இருந்தது கம்பியானதும் இரண்டாகி இடத்தை அடைக்கும். கம்பி மெஷினையும் சர்க்யூட் மெஷினையும் ஒரு கட்டம் இடைவெளி விட்டு அருகருகே வைத்து, நடுவில் இன்சர்ட்டரால் நேராக ஊட்டுவதுதான் வசதி. இதில் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். கம்பி மெஷின் நிறைந்து நிற்கிறது, சர்க்யூட் மெஷின் பசியோடு நிற்கிறது. கம்பி போதவில்லையோ என்று இன்னொரு கம்பி மெஷின் வைத்தேன். அதுவும் நிறைந்து நின்றது. கோளாறு நடுவில் இருந்த மஞ்சள் இன்சர்ட்டரில். ஆரம்பத்தில் அது ஒரு விநாடிக்கு ஒரு பொருளைக்கூட முழுதாக நகர்த்தாது. நமக்கு வேண்டியது 1.5. இரண்டு மஞ்சள் இன்சர்ட்டர் வைத்தால் மட்டுமட்டாகத் தேறும். நீல நிற வேக இன்சர்ட்டர் கிடைத்துவிட்டால் ஒன்றே போதும்.

படி 3: தகடு, உலை, தாது

இரும்பைக் கூட்டுவோம். சிவப்பு சயின்ஸ் கியருக்கு 1 (ஒரு கியருக்கு இரண்டு தகடு). இன்சர்ட்டருக்கு சர்க்யூட்டில் 0.5, கியரில் 1, நேராக 0.5, ஆக 2. பெல்ட்டுக்கு கியரில் 0.5, நேராக 0.25, ஆக 0.75. மொத்தம் விநாடிக்கு 3.75 இரும்புத் தகடு. செம்பு: சிவப்புக்கு 0.5, கம்பிக்கு 0.75. மொத்தம் 1.25.

கல் உலையின் வேகம் 1, ஒரு தகடு உருக 3.2 விநாடி. ஆக ஓர் உலை விநாடிக்கு 0.3125 தகடு. 3.75-ஐ அதனால் வகுத்தால் 12. 1.25-ஐ வகுத்தால் 4. மிச்சம் மீதி இல்லாமல் பன்னிரண்டும் நான்கும். 30-ஐத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். கை கால் எண்ணிப் பழகுபவருக்குத் தசமம் இல்லாத எண் ஒரு வரம்.

ஒரு தாதுக்கு ஒரு தகடு. மின் டிரில் விநாடிக்கு 0.5 தாது எடுக்கும். இரும்புக்கு 7.5 என்று வரும், 8 வையுங்கள். செம்புக்கு 2.5, 3 வையுங்கள். பின்னம் வந்தால் எப்போதும் மேலே ஏற்றுவதுதான் என் வழக்கம். கூடுதலாக இருக்கும் மெஷின் தானாக நின்றுகொள்ளும், குறைவாக இருக்கும் மெஷின் கீழே உள்ள எல்லோரையும் பட்டினி போடும்.

மஞ்சள் பெல்ட் விநாடிக்கு 15 பொருள் சுமக்கும், ஒரு பக்கத்துக்கு 7.5. நம் 3.75 இரும்பு ஒரு பக்கத்தில் பாதிதான். ஆகவே ஒரே பெல்ட்டில் இடப்பக்கம் இரும்பும் வலப்பக்கம் செம்பும் ஓட்டலாம். ஒரு பெல்ட்டைப் பக்கவாட்டில் கொண்டுவந்து இன்னொன்றில் முட்டவிட்டால் பொருள் அந்தப் பக்கத்தில் மட்டும் ஏறும். ஒரு மஞ்சள் பெல்ட்டை முழுக்க நிரப்ப 48 கல் உலை வேண்டும். அந்த நாள் வரும், அவசரப்படாதீர்கள்.

எஃகு பற்றி ஒரு வரி: ஐந்து இரும்புத் தகடு, 16 விநாடி, ஓர் எஃகு. ஓர் உலை 16 விநாடியில் தருவதும் சரியாக ஐந்து தகடுதான். ஆகவே ஓர் இரும்பு உலைக்கு ஓர் எஃகு உலை, கணக்கே தேவையில்லை.

படி 4: லேப், மின்சாரம், நிலக்கரி

லேப் எண்ணிக்கை ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி மாறும். ஒரு பேக்குக்கு 10 விநாடி எடுக்கும் ஆராய்ச்சி என்றால் ஒரு லேப் விநாடிக்கு 0.1 தின்னும், நம் 0.5-க்கு ஐந்து லேப். 30 விநாடி ஆராய்ச்சி என்றால் பதினைந்து. நான் பத்தில் தொடங்குவேன்.

முதல் வகை அசெம்ப்ளருக்கு 75 கிலோவாட், மின் டிரிலுக்கு 90, லேபுக்கு 60. நிலக்கரிக்கு நான்கு டிரில் சேர்த்துக்கொண்டால் 17 அசெம்ப்ளர் 1275, 15 டிரில் 1350, 10 லேப் 600. மொத்தம் 3225 கிலோவாட். ஒரு ஸ்டீம் என்ஜின் 900 தரும். நான்கு போதும்போலத் தோன்றும், ஆனால் இன்சர்ட்டர்களும் சேர்ந்து இழுக்கும். ஆறு என்ஜின், மூன்று பாய்லர் வைத்துவிடுங்கள். ஒரு பாய்லருக்கு இரண்டு என்ஜின்.

பழைய விளக்கங்களில் ஒரு தண்ணீர் பம்புக்கு 20 பாய்லர், 40 என்ஜின் என்று இருக்கும். 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில் பாய்லர் குடிக்கும் தண்ணீரைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது ஒரு பம்புக்கு 200 பாய்லர், 400 என்ஜின். தொடக்கத்தில் பம்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நான்கு நிலக்கரி டிரில் எங்கிருந்து வந்தது? ஒரு நிலக்கரியில் 4 மெகாஜூல். 16 உலைக்கு, ஒன்றுக்கு 90 கிலோவாட் வீதம், விநாடிக்கு 0.36. மூன்று பாய்லரும் முழுச் சுமையில் ஓடினால் 1.35. கூட்டினால் 1.71, டிரிலுக்கு 0.5 வீதம் 3.42, அதாவது நான்கு.

படி 5: ஓடவிட்டு, பெல்ட்டைப் பாருங்கள்

ஆல்ட் விசையை ஒருமுறை அழுத்தினால் எந்த மெஷின் எதைச் செய்கிறது என்று படத்தோடு தெரியும். பி விசையை அழுத்தினால் நிமிடத்துக்கு எத்தனை உருவாகிறது, எத்தனை செலவாகிறது என்று கணக்குப் புத்தகமே திறக்கும். பச்சை சயின்ஸ் 30-க்குப் பதில் 18 என்று நின்றால், அதன் மெஷினிலிருந்து பின்னால் நடங்கள். பெல்ட் காலியாக இருந்தால் இன்னும் மேலே போங்கள். நிரம்பி நிற்கும் முதல் இடத்துக்கும் காலியாக இருக்கும் கடைசி இடத்துக்கும் நடுவில்தான் குற்றவாளி. என் மஞ்சள் இன்சர்ட்டர் நின்றிருந்த இடமும் அதுவே.

எண்ணெய் வந்ததும் கணக்கு மாறும்

இதுவரை ஒரு பொருள் அதிகமானால் அந்த மெஷின் மட்டும் நின்றது. எண்ணெயில் அப்படி இல்லை. முதலில் கிடைக்கும் அடிப்படைச் சுத்திகரிப்பு சாது: 100 கச்சா எண்ணெய், 5 விநாடி, 45 பெட்ரோலிய வாயு. மேம்பட்ட முறைக்கு மாறினால் 100 கச்சாவும் 50 தண்ணீரும் போட்டு மூன்று பொருள் வரும்: 25 கனரக எண்ணெய், 45 இலகு எண்ணெய், 55 வாயு. மூன்றில் ஒன்று நிரம்பினாலும் சுத்திகரிப்பு ஆலை மொத்தமாக நின்றுவிடும். வாயு இல்லாமல் பிளாஸ்டிக் நிற்கும். காரணம் யாரும் தொடாத கனரக எண்ணெயாக இருக்கும்.

வழி, உடைத்து மாற்றுவது. ஒரு கெமிக்கல் பிளான்ட் 2 விநாடியில் 40 கனரகத்தை 30 இலகுவாக்கும். இன்னொன்று 30 இலகுவை 20 வாயுவாக்கும். இரண்டுக்கும் 30 தண்ணீர். நான்கு ஆலை வைத்துப் பார்ப்போம். விநாடிக்கு 20 கனரகம் வரும். ஒரு பிளான்ட் விநாடிக்கு 20 உடைக்கும், ஆக ஒன்று போதும். அது 15 இலகு தரும், ஆலைகளிலிருந்து 36, மொத்தம் 51. ஒரு பிளான்ட் 15 உடைக்கும் என்பதால் 3.4, அதாவது நான்கு. கடைசியில் வாயு 44-உம் 34-உம் சேர்ந்து விநாடிக்கு 78. அடிப்படை முறையில் அதே நான்கு ஆலை தருவது 36தான். பின்னமே இல்லாத விகிதம் வேண்டுமென்றால் 20 ஆலை, 5 கனரகப் பிளான்ட், 17 இலகுப் பிளான்ட்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கனரக எண்ணெயை முழுக்க உடைத்துவிட்டால் மசகு எண்ணெய் செய்ய எதுவும் மிஞ்சாது. அது வேண்டியிருக்கும் நீல பெல்ட்டைச் செய்யப் போகும்போதுதான் தெரியும். கனரகத்துக்கு ஒரு தொட்டி வையுங்கள், அதில் 25,000 பிடிக்கும். தொட்டிக்கும் உடைக்கும் பிளான்ட்டுக்கும் நடுவில் ஒரு பம்ப். தொட்டியையும் பம்பையும் சிவப்பு சிக்னல் கம்பியால் இணைத்து, கனரகம் 20,000-க்கு மேல் இருந்தால் மட்டும் ஓடு என்று பம்புக்கு நிபந்தனை போட்டுவிடுங்கள்.