கையெழுத்து வாங்கும் முன்

உளவியல் ஆய்வுக்காகக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பேட்டி எடுக்கப் போகும் மாணவர்களுக்கு ஒன்று. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. "பாவம், படிக்கிற பிள்ளை" என்று நம் பெரியவர்கள் வாசிக்காமலேயே போட்டுக் கொடுப்பார்கள். வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், "பாதியில் நிறுத்தணும்னா என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். விழித்தால், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். 1961-இல் தொடங்கிய மில்கிராம் சோதனையில், அதாவது சொன்னால் மக்கள் எதுவரை கீழ்ப்படிவார்கள் என்று பார்க்க, இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்ப வைத்த உளவியல் ஆய்வில், தயங்கியவர்களிடம் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று சொன்னார்கள். இன்றுவரை அதற்குத் திட்டு. கோயில் தலைவர் மூலம் ஆள் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் சொன்னால் யார் மறுப்பார்? அறிக்கை எழுதும்போது பெயரை நீக்கினாலும், "முனைக்கடை வடைக்கார அக்கா" என்று எழுதினால் தெருவுக்கே தெரிந்துவிடும்.